உங்களுக்குத்தான் ஃபில்டர் இருக்கே

ஜூன் 14, வெள்ளி

இன்று ஃபில்டர் திறப்பு விழா. பத்தரை மணிக்கு வருகிறோம் என்றவர்கள் ஒன்றரைக்கு வந்தார்கள். அதுவரை விடுதிப் பெண்கள் அத்தனை பேரும் வெயிலில் நின்றார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று மயங்கி விழுந்தது. அதற்கு எலுமிச்சம்பழம் பிழியக்கூட எங்கள் போர்வெல் தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் கெட்டது என்று சொல்லத்தான் விழாவே.

கெட்டது என்பது புதுச் செய்தி இல்லை. இந்த வட்டாரத்து நிலத்தடித் தண்ணீரில் ஃப்ளோரைடு. நாக்குக்குத் தெரியாது. பல்லில் பழுப்புக் கோடாக ஏறும், அப்புறம் எலும்பில் இறங்கும். ஆதிதிராவிடர் மாணவியர் விடுதியில் காப்பாளராக வந்து பதினோரு வருஷம் ஆகிறது. எத்தனை பெண்கள் கையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பதைப் பார்த்திருப்பேன்.

சாமான் நல்ல சாமான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆள் உயர நீலத் தொட்டி, அதற்குள் வெள்ளை உருண்டைகள், ஒவ்வொன்றும் மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. ஏதோ அலுமினா என்றார், அமைத்துக் கொடுத்த கம்பெனிக்காரர் மதுசூதனன். ஒரு கைப்பிடி அள்ளி டம்ளர் தண்ணீரில் போட்டார். சோடா மாதிரி இரைந்தது. பொடிப்பொடியாகக் குமிழி. டம்ளரைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பு.

“உருண்டை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைங்கம்மா. அதுக்குள்ள இருந்த காத்து வெளிய வருது. இந்த ஓட்டைங்கள்லதான் ஃப்ளோரைடு போய் ஒட்டிக்கும். அது நிறைஞ்சிட்டா நாங்களே வந்து மாத்திக் குடுத்துருவோம்.”

பெண்களுக்கு ஒரே குஷி. ஆளுக்கு நாலு உருண்டை கேட்டு வாங்கி, இரவுச் சாப்பாட்டுத் தட்டிலெல்லாம் போட்டு இரையவிட்டார்கள். அதட்டினேன்.

கோயம்புத்தூரில் யாரோ சென்னியப்பனாம், மனைவி தெய்வானை நினைவாகக் கொடுத்தது. அவர் வரவில்லை. மனைவி படம் போட்ட கல்வெட்டு மட்டும் வந்தது.

ஜூன் 19

கழுத்து திரும்பவில்லை. தலையணையை மாற்ற வேண்டும்.

ஜூலை 3

ஆற்றுத் தண்ணீர்க் குழாய் ஊருக்கு வந்துவிட்டது. ஊருக்கு என்றால் ஊருக்கு. கோயில் தெரு, கடைத்தெரு, பஞ்சாயத்து ஆபீஸ் வரைக்கும். அங்கிருந்து நம் காலனிக்கும் விடுதிக்கும் ஒரு ஃபர்லாங் கூட இல்லை. குழிவெட்டும் மிஷின் அந்த இடத்தோடு திரும்பிப் போய்விட்டது.

மனு எழுதிக்கொண்டு பஸ் பிடித்துத் தருமபுரி போனேன். பஸ்ஸில் நின்றுகொண்டே போனதில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. அதிகாரி மனுவைப் படிக்கக்கூட இல்லை.

“உங்களுக்குத்தான் ஃபில்டர் இருக்கேம்மா? இல்லாதவங்களுக்கு முதல்ல குடுப்போம்.”

“ஊருக்குள்ள வீட்டுக்கு வீடு மிஷின் வெச்சிருக்காங்க சார். அவங்களுக்குக் குடுத்தீங்களே?”

“அடுத்த கட்டத்துல பாக்கலாம்.”

குழாய்க்குக் கட்டம் உண்டா? வருகிற வழியில் தெருவைப் பார்த்துத்தானே நின்றது!

ஆகஸ்ட் 9

வட்டார விளையாட்டுப் போட்டியில் எட்டாம் வகுப்பு கோகிலவாணி எண்ணூறு மீட்டரில் முதலாவதாக வந்தாள். அவளுடைய அம்மா செங்கல் சூளையிலிருந்து அப்படியே ஓடிவந்திருந்தாள், முந்தானையெல்லாம் செம்மண். இரவு கேசரி போடச் சொன்னேன். சமையல் பச்சையம்மா, “ரவை இல்ல வார்டனம்மா, சேமியாதான்” என்றாள். சேமியாவே போட்டோம்.

பரிசு வாங்கிக்கொண்டு வந்தவள் மாடிப்படியில் ஏறாமல் கீழேயே உட்கார்ந்திருந்தாள். முட்டி வலிக்கிறதாம். ஓடினால் வலிக்கத்தான் செய்யும் என்றேன்.

நவம்பர் 11, திங்கள்

மருத்துவ முகாம். சின்ன வயது டாக்டர் அம்மா, அலட்டல் இல்லாதவர். பெண்களின் பல்லைப் பார்த்தார், குந்தி உட்கார்ந்து எழச் சொன்னார். கோகிலவாணியை மூன்று தடவை உட்காரச் சொன்னார். மூன்றாம் தடவை அவள் கையை ஊன்றித்தான் எழுந்தாள்.

“இந்தப் பொண்ணு எந்தத் தண்ணி குடிக்கறா?”

“ஃபில்டர் தண்ணி டாக்டர். ஜூன்லருந்து ஃபில்டர்தான்” என்று பெருமையாகச் சொன்னேன்.

பெட்டியிலிருந்து சின்ன பாட்டில் எடுத்து, எங்கள் ஃபில்டர் தண்ணீரில் சொட்டுவிட்டார். ரோஸ் நிறமாக நின்றால் நல்ல தண்ணீராம். மஞ்சளாகிவிட்டது. சாமந்திப்பூ மஞ்சள். போர் தண்ணீரிலும் விட்டார். அதே மஞ்சள்.

“உள்ள இருக்கற மருந்துக்கல்லு நிறைஞ்சிடுச்சு. எப்ப மாத்தினாங்க?”

மாற்றவே இல்லை. எத்தனை நாளாக இப்படி என்று யாருக்குத் தெரியும்? நான்தான் ஒவ்வொரு நாளும் நின்று, “ஃபில்டர் குழாய்ல பிடிங்க, ஃபில்டர் குழாய்ல பிடிங்க” என்று விரட்டி விரட்டிக் குடிக்க வைத்தேன்.

கிளம்பும்போது டாக்டர் என்னிடம், “நீங்க மோவாயை நெஞ்சுல படற மாதிரி குனிங்க பாக்கலாம்” என்றார். பிள்ளைகளுக்கு நடத்துகிற முகாமில் எனக்கு என்ன சோதனை? அரிசி வண்டி வந்துவிட்டது என்று போய்விட்டேன். அந்தச் சொட்டு மருந்துப் பாட்டிலை மட்டும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன்.

நவம்பர் 12

மதுசூதனனுக்கு போன். எடுக்கவில்லை. பச்சையம்மா போனிலிருந்து அடித்தேன், எடுத்தார். “அடுத்த வாரம் வர்றோம்மா.”

நவம்பர் 29

அடுத்த வாரம்.

டிசம்பர் 9, திங்கள்

ஒருவழியாக வந்தார்கள். இரண்டு ஆட்கள், ஒரு மினி லாரி. பழைய உருண்டைகளை அள்ளி மூட்டையாகக் கட்டி எடுத்துப் போனார்கள். புதிதாக வெள்ளையாக, பளபளவென்று கொட்டி மூடினார்கள். வேலை முடிந்தது என்று கையெழுத்துக் கேட்டார்கள். தண்ணீரைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவேன் என்றேன். “முதல் நாள் தண்ணி கலங்கலா வரும்மா, ரெண்டு நாள் கழிச்சுப் பாருங்க” என்று கிளம்பிவிட்டார்கள்.

ஃபெஞ்சல் புயல் மழையில் சமையற்கட்டு ஒழுகிய இடத்தைப் பார்க்க யாரும் வரவில்லை. விறகெல்லாம் ஈரம்.

டிசம்பர் 11

சாயங்காலம் பெண்கள் கூட்டமாக வந்து நின்றார்கள். தொட்டியடியில் சிந்திக் கிடந்த கற்களைப் பொறுக்கி, முன்பு போலவே டம்ளரில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

“மிஸ், இது இரையவே மாட்டேங்குது” என்றாள் கோகிலவாணி.

வாங்கிப் பார்த்தேன். தண்ணீருக்குள் கல் போய் உட்கார்ந்தது. அவ்வளவுதான். ஒரு குமிழி இல்லை, சூடு இல்லை. துடைத்துவிட்டு அடுப்பில் வறுத்துப் போட்டேன், ஈரம் குடித்திருக்குமோ என்று. அப்போதும் இல்லை. அம்மிக்கல்லில் வைத்துத் தட்டினேன். உள்ளே வழவழவென்று ஒரே கெட்டி.

பச்சையம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “இது பங்களா வாசல்ல பூச்செடிக்கு அடியில கொட்டுவாங்களே, அந்தக் கல்லு வார்டனம்மா. கலெக்டர் ஆபீஸ்லகூட இருக்குது.”

சொட்டு மருந்து விட்டேன். மஞ்சள்.

குழந்தைகள் குடிக்கிற தண்ணீருக்குள் தோட்டத்துக் கல்லைப் போட்டு மூடிவிட்டுக் கையெழுத்துக் கேட்கிறான்!

டிசம்பர் 12

“உங்க பாட்டில் மருந்து காலாவதி ஆயிருக்கும்மா” என்கிறார் மதுசூதனன். “கல்லு இரையலைன்னா அது வேற கிரேடு.”

தருமபுரி அதிகாரிக்கு போன் செய்தேன். “எழுத்துமூலமா குடுங்க. அதுக்கு முன்னால அவங்களுக்கு அந்தக் கையெழுத்தைப் போட்டு விட்டுருங்க, பைல் நிக்குது.”

ஜனவரி 6

டாக்டர் அம்மாவிடம் கேட்டேன். குடிக்கிற தண்ணீரையாவது உடனே மாற்றுங்கள் என்றார். அரையாண்டு விடுமுறை முடிந்து பெண்கள் வந்தவுடன் ஆளுக்கொரு குடம் கொடுத்து வரிசையில் நிறுத்தினேன். நான் முன்னால், பச்சையம்மா பின்னால். பஞ்சாயத்து ஆபீஸ் வாசல் குழாய்க்குப் போனோம்.

இரண்டு குடம் நிறையவில்லை, வார்டு மெம்பர் வந்துவிட்டார்.

“என்னங்க வார்டன், மொத்த விடுதியையும் கூட்டிக்கிட்டு இங்க வந்துட்டீங்க? உங்களுக்குத்தான் ஃபில்டர் இருக்கே.”

“ஃபில்டர் தண்ணி ஒரு சொம்பு கொண்டாந்து தர்றேன், நீங்க தினம் குடிங்க. இவங்க இதைக் குடிக்கட்டும்.”

“அதுக்கில்லீங்க. ஜனங்க ஒரு மாதிரி பேசுவாங்க. பழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல.”

“எந்தப் பழக்கம்? வாயைத் திறந்து சொல்லுங்க. பிள்ளைங்களும் கேட்டுக்கட்டும்.”

சொல்லவில்லை. சொல்ல மாட்டார்கள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமலே குழாயைத் திருப்பிவிடத் தெரிந்தவர்கள். நான் குழாயடி மேடையில் உட்கார்ந்துகொண்டேன். எல்லாக் குடமும் நிறைந்த பிறகுதான் எழுந்தேன். எழ முடியாமல் பச்சையம்மா கை கொடுத்தாள். மேடை தாழ்வு.

ஜனவரி 7 முதல் 17 வரை

தினமும் போனோம். பொங்கல் விடுமுறையில் மட்டும் இல்லை. குழாயடியில் ஒரு பெண்மணி தன் குடத்தை நகர்த்தி வைத்துக்கொண்டார், இன்னொருத்தி கோகிலவாணிக்குக் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துவிட்டாள். இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 20

கையெழுத்துப் போடவில்லை என்றால் மாற்றல் வரும் என்று அலுவலகத்தில் தெரிந்தவர் ஒருவர் சொன்னார், என் நல்லதுக்காம். இங்கே எல்லாரும் என் நல்லதைத்தான் பார்க்கிறார்கள்.

பிப்ரவரி 17, திங்கள்

முழுதும் எழுதிவிட வேண்டும், நாளை ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

ஃபில்டர் கொடுத்த சென்னியப்பன் இன்று வந்தார். மனைவியின் நினைவு நாளாம், பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட ஆசைப்பட்டாராம். வேட்டி சட்டை, கையில் தடி, எழுபத்தைந்து வயது இருக்கும். கூடவே மதுசூதனன், தருமபுரி அதிகாரி, போட்டோ பிடிக்க ஒருவர்.

பார்த்ததுமே மதுசூதனன், “வார்டனம்மாவுக்குத் தண்ணி மேல சந்தேகம். ஐயா முன்னாடியே சோதிச்சிருவோம்” என்று என் பாட்டிலையே கேட்டார். எனக்கு அப்போதே சுருக்கென்றது. இவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது?

சொட்டு விட்டார். ரோஸ். அழகான, பன்னீர் ரோஸ்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அதிகாரி சிரித்தார். “சில பேருக்குக் குறை சொல்றதே வேலைங்க ஐயா.” பெண்கள் முன்னால், பச்சையம்மா முன்னால். முகம் எரிந்தது. நேற்று மஞ்சள், முந்தாநாள் மஞ்சள், இன்று எப்படி ரோஸ் ஆகும்?

அப்போது அந்தப் பெரியவர் தடியை ஊன்றிக்கொண்டு மோட்டார் அறைக்குப் போனார். மோட்டார் மேல் உள்ளங்கையை வைத்தார். சும்மா வைத்துக்கொண்டே நின்றார்.

“ஏனுங், மோட்டார் எப்பப் போட்டீங்க?”

“காலைல ஐயா. இப்பத்தான் நிறுத்தினோம்” என்றார் மதுசூதனன்.

“நாப்பது வருசம் மோட்டார் பண்ணி வித்தவன் நான். இது ராத்திரியிலருந்தே ஓடலீங். ஜில்லுனு கெடக்குது. அப்பறம் தொட்டியில தண்ணி எங்கிருந்து வந்துச்சு?”

பச்சையம்மா பின்பக்கம் ஓடிப்போய் ஒரு சாக்கை இழுத்து வந்து கவிழ்த்தாள். கேன் தண்ணீர் மூடிகள், நீல நீலமாக. விடியற்காலையில் கம்பெனி ஆட்கள் வந்து ஃபில்டருக்குத் தண்ணீர் இறங்கும் மாடித் தொட்டியைக் கழுவியதாகத்தான் நினைத்தோம். கழுவவில்லை, கேன் தண்ணீரை ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள்.

நான் யாரிடமும் கேட்கவில்லை. ஸ்பேனரை எடுத்துவந்து ஃபில்டர் தொட்டியின் அடிமூடியைக் கழற்றினேன். “கவர்மென்ட் சொத்தும்மா, தொடாதீங்க!” என்று அதிகாரி கத்தினார். மூடி கழன்றதும் வெள்ளைக் கல் சரசரவென்று கொட்டி முற்றம் முழுக்க ஓடியது. என் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். மருந்துக்கல் நிறைந்து எத்தனை மாதமோ இந்தக் குழந்தைகள் விஷம் குடித்ததை, அதற்கு மேல் தோட்டத்துக் கல்லைப் போட்டு மூடியதை, இந்தத் தொட்டி நிற்கிற ஒரே காரணத்துக்காக ஆற்றுத் தண்ணீர் எங்களுக்கு இல்லை என்று திருப்பி அனுப்பியதை. “ஃபில்டர் இல்லாம இருந்திருந்தா எங்களுக்குக் குழாயாவது வந்திருக்கும்” என்றேன். பெரியவரையும் விடவில்லை. “பணம் குடுத்தீங்க, படம் மாட்டுனீங்க. ஒரு தடவை வந்து பாத்தீங்களா?”

கோகிலவாணி டம்ளரில் தண்ணீரும், திறப்பு விழாவில் வாங்கி நனைக்காமல் வைத்திருந்த பழைய உருண்டைகளும் கொண்டுவந்தாள். பழையதைப் போட்டாள், இரைந்தது. புதுக் கல்லைப் போட்டாள், அடியில் போய்க் கிடந்தது. அவர் டம்ளரைக் கையில் வாங்கிக் காதருகே வைத்துக் கேட்டார்.

அப்புறம் சொன்னார்: “என்ற சம்சாரம் பொறந்தது இந்தப் பக்கந்தானுங். முதல்ல கழுத்து திரும்பல. அப்பறம் முதுகு வளைஞ்சுது. கடைசி ஆறு வருசம் தரையத் தவிர ஒண்ணையும் பாக்கல அவ. அதுக்குத்தான் குடுத்தேன்.” மதுசூதனன் பக்கம் திரும்பி, “அவ பேரை அந்தக் கல்வெட்டுல இருந்து இப்பவே எடு” என்றார். சத்தம் போடவில்லை.

போகும்போது என் எதிரில் நின்றார். “நீங்களும் கழுத்த மட்டும் திருப்பறதில்லீங். உடம்போட திரும்பறீங். எத்தன வருசமா இந்தத் தண்ணி?”

வெயிலில் நின்றதில் தலை சுற்றியது. உள்ளே போய்விட்டேன்.

பிப்ரவரி 18

பெண்கள் முற்றத்துக் கல்லையெல்லாம் கூட்டி அள்ளினார்கள். நான் இன்று யாரையும் அதட்டவில்லை.

பிப்ரவரி 21

ஜீப் வந்தது, ஜீப்புக்குப் பின்னால் இன்னொரு ஜீப். அளவு டேப்பைப் பிடித்துக்கொண்டு பஞ்சாயத்து ஆபீஸிலிருந்து விடுதி வரை அளந்தார்கள். பெரியவர் கோயம்புத்தூருக்குப் போகவே இல்லையாம். நேராகக் கலெக்டர் அலுவலகத்துக்குப் போய், பார்க்காமல் நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாராம். கம்பெனி மேல் போலீஸ் புகாரும் கொடுத்திருக்கிறார்.

சந்தோஷப்பட வேண்டும். படுகிறேன். ஆனால் வயிறு எரிகிறது. எத்தனை மனு, எத்தனை பஸ், எத்தனை ஆபீஸ் பெஞ்சு! அறுபது பெண்கள் குடம் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தார்கள், அது யார் கண்ணிலும் படவில்லை. கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெரியவர் வந்து ஒரு மத்தியானம் உட்கார்ந்தார், டேப் வந்துவிட்டது.

மார்ச் 4

எனக்கு விசாரணை. அரசுச் சொத்தைச் சேதப்படுத்தியதாக. மதுசூதனனுக்கு முன்ஜாமீன் கிடைத்துவிட்டது, எனக்கு மெமோ கிடைத்திருக்கிறது.

விசாரித்தவர் வேறு அதிகாரி, மரியாதையானவர். “நாற்காலில சாஞ்சு உக்காருங்கம்மா” என்றார். சாய வரவில்லை. “நீங்க தனியா கேன் தண்ணி வாங்கிக் குடிச்சிருக்கலாமே, இத்தனை வருஷம்?” என்று கேட்டார்.

“பிள்ளைங்க எதிர்ல எப்படி சார் குடிக்கறது?”

பேனாவை மூடி வைத்துவிட்டார். நல்ல மனிதர்தான். இருந்தாலும் மறுநாளே அறிக்கையை மேலே அனுப்பத்தானே போகிறார்.

மார்ச் 14

மாற்றல் உத்தரவு. இரண்டு மலை தாண்டி வேறொரு விடுதி. ஒரு வாரத்தில் சேர வேண்டும். குழாய் பதிக்கும் வேலை தொடங்கிய அன்றே வந்திருக்கிறது.

கோகிலவாணியை டாக்டர் அம்மா பார்த்தார். வளரும் வயதுதான், தண்ணீரும் சாப்பாடும் மாறினால் வலி குறைய வழி இருக்கிறது, ஓட்டத்தைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கட்டும் என்றார். அவள் அழுதாள். நிறுத்த வேண்டிய தண்ணீரை ஒன்பது மாதம் விட்டவர்கள், இவளை மட்டும் உடனே நிறுத்திவிட்டார்கள்.

மார்ச் 21, வெள்ளி

காலை பஸ்ஸுக்குப் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்தாயிற்று. பெண்கள் பரீட்சைக்குப் போய்விட்டார்கள். அழுதுகொண்டு பரீட்சைக்குப் போகக்கூடாது என்று விரட்டி அனுப்பினேன். நானும் பச்சையம்மாவும்தான்.

குழாய் ஃபிட்டர் வந்து முன்னறிவிப்பு ஒன்றும் இல்லாமல் வால்வைத் திருகினார். “தண்ணி விடறோம்மா!”

முதலில் காற்று. அப்புறம் செம்மண் நிறத்தில் இருமி இருமி வந்தது. “கொஞ்ச நேரம் ஓடட்டும், குழாய் கழுவணும்” என்றார். ஓடவிட்டோம். தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது, போனது. தண்ணீர் மெல்லத் தெளிந்தது. நான் பாட்டிலை எடுத்துவந்து சொட்டு விட்டேன். ரோஸ். நம்பவில்லை. டம்ளரைக் கழுவி இன்னொரு தடவை விட்டேன். ரோஸ்.

“எத்தனை நேரம் வரும்?”

“ஒரு நாள் விட்டு ஒரு நாள், முக்கால் மணி.”

“அறுபது பிள்ளைங்களுக்கு முக்கால் மணியா? ஊருக்குள்ள எத்தனை நேரம் விடறீங்க?”

அவர் வால்வைத் துடைக்க ஆரம்பித்தார். அது போதாதா! நேற்றே சொல்லியிருந்தால் அண்டாவெல்லாம் தேய்த்து வைத்திருக்க மாட்டோமா? புளி எடுத்துவரச் சொல்லிப் பச்சையம்மாவை ஓடவிட்டேன். அவள் தேய்த்துத் தேய்த்துத் தள்ளினாள், நான் பிடித்துப் பிடித்து நகர்த்தினேன். அண்டா, வாளி, குளியலறைத் தொட்டி, சாம்பார் தூக்கு, எனக்குக் கட்டி வைத்திருந்த பெட்டியைத் திறந்து என் சொந்தக் குடம். அடுத்த பஸ்ஸும் போயிருக்கும், பார்க்கவில்லை. குனிந்தால் எழ முடியாததால் முட்டி போட்டுக்கொண்டே பிடித்தேன்.

முட்டி போட்டவாக்கில் ஒரு டம்ளர் குடித்தேன். ருசி ஒன்றும் இல்லை. தண்ணீர் மாதிரி இருந்தது.

நாளை விடியற்காலை பஸ்ஸில் போகிறேன். இப்போது முதலில் அந்த முக்கால் மணிக்கு ஒரு மனு எழுத வேண்டும்.